திருச்சி – பலாலி: 184 கிலோமீட்டர், ஒரு மணி நேரம், மீதி அரை நாள்

திருச்சி–யாழ்ப்பாணம் விமானம் எப்படி இருக்கிறது, எவ்வளவு நேரம் ஆகும், நாகப்பட்டினம் கப்பலே தேவலையா என்று தெரிந்தவர்கள் ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிட்டால் அவசரக்காரர்கள் கிளம்பிவிடலாம்: இந்தத் தடத்துக்கு ஐந்துக்கு நாலு. கிளம்பும் முன் நான் நம்பிப் பார்த்த, இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே தூரமும் பயண நேரமும் சொல்கிற இணையதளத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை, அந்த ஒன்றரையும் தூரத்தைச் சரியாகச் சொன்னதற்காக.

இணையதளத்தை முதலில் முடித்துவிடலாம். பெயர் வேண்டாம், இந்த வகைத் தளங்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சு. திருச்சி நிலையத்தின் குறியீடான டி.ஆர்.இசட். ஒரு பெட்டியில், யாழ்ப்பாணத்தின் பலாலி நிலையத்தின் குறியீடான ஜே.ஏ.எஃப். இன்னொரு பெட்டியில் போட்டுத் தட்டினால் வரைபடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் 184 கிலோமீட்டர், 114 மைல், 99 கடல் மைல் என்று மூன்று எண்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எடுத்து, பூமியின் வளைவைக் கணக்கில் சேர்த்து, மிகக் குறுகிய வழி எது என்று பார்க்கிறார்கள், பள்ளிக் கோணவியல் போதும். அந்தக் கோடு எங்கெல்லாம் போகிறது என்று பெரிதாக்கிப் பார்த்தால் சுவாரசியமாகவே இருக்கிறது: திருச்சியிலிருந்து தென்கிழக்காகக் கிளம்பி, கந்தர்வகோட்டைப் பக்கம் கடந்து, பட்டுக்கோட்டையைக் கொஞ்சம் இடது கையில் விட்டு, அதிராம்பட்டினம் கிட்டே கடலில் இறங்குகிறது. சரி பாதித் தூரம் அங்கேதான் வருகிறது. பாதி நிலம், பாதி கடல்.

சிக்கல் அடுத்த வரியில். 'பறக்கும் நேரம் 44 நிமிடம்' என்று போட்டிருந்தது. இந்த 44 எங்கிருந்து வருகிறது தெரியுமா, ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 800 கிலோமீட்டர் என்று வைத்து 184-ஐ வகுத்தால் 14 நிமிடம், ஏறி இறங்க என்று பொத்தாம்பொதுவாக ஒரு அரை மணி, கூட்டினால் 44. உலகத்தில் எந்த இரண்டு ஊரைப் போட்டாலும் இதே சூத்திரம்தான். ஆனால் இந்தத் தடத்தில் ஜெட் ஓடுவதில்லை. பலாலியின் ஓடுபாதை சிறியது, அங்கே இறங்குவது ஏ.டி.ஆர். 72 என்கிற புரொப்பெல்லர் விமானம், அதன் உச்ச வேகமே மணிக்கு 500 கிலோமீட்டர் அளவில்தான். தளத்துக்கு இதெல்லாம் தெரியாது, விமானம் ஓடுகிறதா இல்லையா என்பதுகூடத் தெரியாது. விமானமே இல்லாத இரண்டு ஊருக்கும் அது கூச்சமில்லாமல் பறக்கும் நேரம் சொல்லும். அதற்குக் கீழே இன்னொன்று: 'காரில் சுமார் 3 மணி நேரம்'. நடுவில் கடல் இருப்பதைப் பார்க்காமல் 184-ஐ 60-ஆல் வகுத்திருக்கிறார்கள். நளன் திரும்பி வந்து இன்னொரு பாலம் கட்டிக்கொடுத்தால் பார்க்கலாம்.

நிஜத்தில் டிக்கெட்டில் போட்டிருப்பது ஒரு மணி நேரம். 500 கிலோமீட்டர் வேகத்தில் 184-க்கு 22 நிமிடம்தானே, மீதி எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். விமான நிறுவனங்கள் கணக்கிடுவது காற்றில் இருக்கும் நேரத்தை அல்ல, நிற்கிற இடத்திலிருந்து சக்கரம் நகர்ந்ததில் தொடங்கி அந்தப் பக்கம் நிறுத்தி எஞ்சின் அணைக்கிற வரை. ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போவது, முன்னால் சிங்கப்பூர் விமானம் நின்றால் அது கிளம்பும்வரை காத்திருப்பது, ஏறிய பிறகு திசை திருப்புவது, அந்தப் பக்கம் காற்று எந்தத் திசையோ அதற்கேற்ப ஒரு சுற்று சுற்றி இறங்குவது, எல்லாம் அந்த ஒரு மணியில் அடக்கம். போதாததற்கு இவ்வளவு குறைந்த தூரத்தில் விமானம் முழு வேகத்தைப் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்கிவிடும். தூரம் குறையக் குறைய ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம் கூடிக்கொண்டேதான் போகும்.

நான் சும்மா விளையாட்டுக்குத் திருச்சியிலிருந்து மற்ற ஊர்களையும் போட்டுப் பார்த்தேன். சென்னை விமான நிலையம் 290 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. கோயம்புத்தூர், நம்பினால் நம்புங்கள், அதுவும் 184 சொச்சம். அதாவது திருச்சி விமான நிலையத்தில் நிற்பவருக்குக் கோவை மேற்கே எவ்வளவு தூரமோ யாழ்ப்பாணம் தென்கிழக்கே அதே தூரம். கோவைக்குக் கரூர், காங்கேயம் வழியாக எந்நேரமும் பஸ் இருக்கிறது, நாலு நாலரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம், யாரும் அதை ஒரு பயணமாகவே நினைப்பதில்லை. யாழ்ப்பாணத்துக்கு இந்த நேர் விமானம் தொடங்கியதே 2025 மார்ச் 30-ஆம் தேதிதான்.

அதற்கு முன்னால் திருச்சிக்காரர் என்ன செய்தார்? சென்னைக்குப் போய் அங்கிருந்து பலாலி விமானம் பிடிக்கலாம், அதாவது வடக்கே 300 கிலோமீட்டர் போய்விட்டு அங்கிருந்து தெற்கே 350 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். அதுவும் 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையமான பிறகுதான். அந்த அக்டோபரில் திறந்தார்கள், நவம்பரில் சென்னை விமானம் தொடங்கியது, அடுத்த ஆண்டே கொரோனாவில் நின்றது, மறுபடி 2022 டிசம்பரில்தான் வந்தது. இதெல்லாம் இல்லாத காலத்தில் கொழும்புதான் வழி. திருச்சியிலிருந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கா 400 கிலோமீட்டருக்கு மேல், ஒரு மணி நேரம். அங்கிருந்து வவுனியா, கிளிநொச்சி வழியாக வடக்கே இன்னும் 400 கிலோமீட்டர் அளவில் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏழெட்டு மணி நேரம். 184 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஊருக்கு 800 கிலோமீட்டர் சுற்று! இதில் வேடிக்கை, நான் டிக்கெட் விசாரித்த ஏஜென்ட் ஒருவர் இப்போதும் கொழும்பு வழியைத்தான் முதலில் எடுத்துவிட்டார், நேர் விமானம் இருப்பதை நான் சொன்ன பிறகு, "அது சின்ன பிளைட் சார், ஆடும்" என்றார்.

சின்ன விமானம்தான், ஆனால் இந்தத் தடத்தின் கதை சின்னதில்லை. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படை போட்டது. 1947 டிசம்பரில் இலங்கையின் ஏர் சிலோன் நிறுவனம் தன் முதல் பயணத்தையே கொழும்பை ஒட்டிய இரத்மலானையிலிருந்து இந்த ஓடுபாதை வழியாகத்தான் சென்னைக்கு விட்டது, டகோட்டா விமானத்தில். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும் இரண்டு பக்கமும் அதற்கு இணைப்பு ரயிலும் ஓடின, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியே போயிற்று. அதற்குப் பிறகு போர். ஆக, தாத்தா காலத்தில் இருந்த ஒன்றைப் புதிது என்று சொல்லி நாம் மதிப்புரை எழுதிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பயணத்துக்கு வருவோம். நான் தஞ்சாவூரில் இருக்கிறேன், வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் 55 கிலோமீட்டர், துவாக்குடி தாண்டியபின் நெரிசல், ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். சர்வதேசப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னால் வரச் சொல்வார்கள். ஒரு மணி நேரம் பறக்க மூன்று மணி நேரம் முன்னாலா என்று எரிச்சல் வரும், ஆனால் இரண்டரை மணிக்குக் கீழே குறைக்காதீர்கள், ஏனென்றால் குடியகல்வு (இமிகிரேஷன்) வரிசையில் உங்கள் முன்னால் நிற்பவர்கள் யாழ்ப்பாணப் பயணிகள் மட்டும் இல்லை. திருச்சியில் உள்நாட்டுக் கூட்டத்தைவிட வெளிநாட்டுக் கூட்டம்தான் அதிகம், சிங்கப்பூர், கோலாலம்பூர், துபாய் என்று பெரிய விமானம் ஏதாவது அதே நேரத்துக்கு இருந்தால் வரிசை நெளிந்து நெளிந்து போகும். புது முனையம் பெரியது, 75,000 சதுர மீட்டர், 2024 ஜனவரியில் திறந்து வைத்து ஜூனிலிருந்து இயங்குகிறது, முகப்பில் கோபுர வண்ணங்கள், உள்ளே சுவரெல்லாம் ஓவியம், நேரம் போக்கப் பார்த்துக்கொண்டு நடக்கலாம். இலங்கைப் பணம் கொஞ்சமாவது இங்கேயே மாற்றிக்கொள்வது நல்லது.

முனையத்திலிருந்து நேரே விமானத்துக்குள் நடந்து போகிற ஏரோபிரிட்ஜ் பாலம் கிடையாது, ஏ.டி.ஆருக்கு அது எட்டாது, தரையில் நடந்து அல்லது பஸ்ஸில் போய், விமானத்தின் வால் பக்கம் இருக்கும் சின்னக் கதவில் ஏற வேண்டும். சரக்கு முன்னால், ஆட்கள் பின்னால். முதல் வரிசை இருக்கை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டவர் கடைசி வரை நடந்து போய் உட்கார்ந்து, இறங்கும்போது கடைசியாக இறங்குவார். இரண்டிரண்டாக நாலு இருக்கை, நடுவில் நடைபாதை, மொத்தம் எழுபது எண்பது பேர். மேலே பெட்டி வைக்கிற இடம் குறுகல், வழக்கமான கேபின் பெட்டி சிலது நுழையாது, துணிப் பை என்றால் பிரச்சினையே இல்லை. சத்தம் உண்டு. புரொப்பெல்லரை ஒட்டிய வரிசைகளில் பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கொஞ்சம் குரலை உயர்த்த வேண்டும், பின் வரிசைகளில் பரவாயில்லை. ஆட்டம்? ஏஜென்ட் சொன்ன அளவுக்கு இல்லை. மதிய வெயிலில் நிலத்தின் மேல் போகும்வரை லேசாகத் தூக்கித் தூக்கிப் போட்டது, கடல் வந்ததும் அடங்கிவிட்டது.

இனி இந்தப் பயணத்தின் உண்மையான லாபம். ஏ.டி.ஆரில் இறக்கை கூரைக்கு மேலே இருக்கும், எந்த ஜன்னலிலிருந்தும் கீழே பார்வை மறையாது, விமானமும் ஜெட் போல் அவ்வளவு உயரம் ஏறுவதில்லை. போகும்போது இடது பக்க ஜன்னல் கேளுங்கள். முதலில் புதுக்கோட்டைச் சீமையின் ஏரிகள், கண்மாய்கள், வெயிலில் தகரத் துண்டு போலத் துண்டு துண்டாகப் பளிச்சிடும். பிறகு பச்சை கூடும், தென்னந்தோப்பு, கஜா புயலில் சாய்ந்த பகுதிதான் இது, புதுக் கன்றுகள் வரிசை பிடித்து நிற்பது மேலிருந்து தெரிகிறது. அதற்கப்புறம் கரை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை நான் படகில் போய்ப் பார்த்திருக்கிறேன், மேலிருந்து பார்த்தபோதுதான் அதன் நீளமே புரிந்தது, கரும்பச்சைப் பட்டையாகக் கரையோடு ஓடி, அதற்குள் வாய்க்கால்கள் நரம்பு நரம்பாகப் பிரிகின்றன. தூரத்தில் வேதாரண்யம் உப்பளங்களின் வெள்ளைக் கட்டங்கள், கடைசியில் கோடியக்கரை மூக்கு. அந்த மூக்கிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக் கரை ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருந்தால் இந்தக் கரை ஜன்னலில் இருக்கும்போதே அந்தக் கரை வந்துவிடுகிறது. முன் வரிசைப் பையன் ஒருவன், "அம்மா, அதுக்குள்ள இலங்கை வந்துருச்சா?" என்று கேட்டான், அவன் சாண்ட்விச் பாக்கெட்டைக்கூட இன்னும் பிரித்து முடிக்கவில்லை.

இறங்கும்போது பனை, பனை, பனை. நடுவில் பலாலியைச் சுற்றிய வலிகாமப் பகுதியின் செம்மண், அதில் புகையிலை, வெங்காயப் பாத்திகள். கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம், 2006-இலிருந்து இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்றே.

பலாலி நிலையம் சின்னது, திருச்சி முனையத்தில் இருந்து வருகிறவருக்கு ஒரு தாலுகா அலுவலகத்துக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பெயர்ப் பலகையில் தமிழ் முதல் வரியில். விமானத்தில் வந்த எழுபது சொச்சம் பேர்தான் வரிசை, இ.டி.ஏ. என்கிற இலங்கை நுழைவு அனுமதியை வீட்டிலேயே இணையத்தில் எடுத்து அச்சிட்டு வைத்திருந்தவர்கள் விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டார்கள், தங்கும் முகவரி தெரியாமல் போனில் தேடிக்கொண்டிருந்தவர்கள்தான் நின்றார்கள். வெளியே வந்தால் டவுனுக்கு இன்னும் பதினாறு பதினேழு கிலோமீட்டர். ஆட்டோவில் போனேன், பேரம் பேசிக்கொள்ளுங்கள். வழியில் கூரையில்லாத வீடுகள், சுவரைப் பிளந்துகொண்டு ஆலங்கன்று, 1990-இல் மக்களை வெளியேற்றி உயர் பாதுகாப்பு வலயமாக வைத்திருந்த பகுதி இது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்திருக்கிறார்கள். ஆட்டோக்காரர் எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டார், தஞ்சாவூர் என்றேன். "அப்ப பக்கம்தானே அண்ணை, கொழும்பெண்டாலும் எங்களுக்கு ஒரு இரவு வேணும்" என்றார்.

மொத்தக் கணக்கு: தஞ்சாவூரில் வாசல் கதவைப் பூட்டியதிலிருந்து நல்லூரில் தங்குமிடத்தில் பையை இறக்கியது வரை ஆறரை மணி நேரம். அதில் காற்றில் இருந்தது முக்கால் மணிக்கும் குறைவு. இணையதளக்காரர்கள் இந்த ஆறரையைப் போட்டால் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன், ஆனால் அதற்கு ஒவ்வொரு ஊரின் சாலை, வரிசை, ஆட்டோ எல்லாம் தெரிய வேண்டும், வெறும் கோணவியல் போதாது.

கப்பலா விமானமா என்பதற்கு என் பதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஆரம்பித்தது. கடலில் 110 கிலோமீட்டர் அளவு, நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நாகை, திருவாரூர், காரைக்கால் ஆட்களுக்கு வீட்டு வாசலில் கப்பல் இருக்க, திருச்சி வரை மேற்கே வந்து பறப்பதில் அர்த்தமே இல்லை, மூட்டை முடிச்சு அதிகம் என்றாலும் கப்பல்தான் சௌகரியம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், வாரக்கணக்கில் நின்றிருக்கிறது. கல்யாணம், துக்கம் என்று நாள் தவறக் கூடாத காரியத்துக்கு நான் கப்பலை நம்ப மாட்டேன். புதுக்கோட்டை, கரூர், திண்டுக்கல், பெரம்பலூர்க்காரர்கள் யோசிக்கவே வேண்டாம், விமானம்தான்.

ஒரு மதிப்பெண்ணை ஏன் குறைத்தேன்? ஒன்று, ஒரு நாளைக்கு ஒரே விமானம், அதுவும் நடுப்பகலில், போகும் நாளும் திரும்பும் நாளும் இரண்டுமே பாதி போய்விடும், சனி ஞாயிறுக்குப் போய் வரலாம் என்று நினைப்பவர் ஒரு முழு நாளைக்கூட அங்கே பார்க்க மாட்டார். அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது, பழைய செய்தியில் பார்த்த நேரத்தை நம்பி லீவு போடாதீர்கள். இரண்டாவது, விலை. டிக்கெட் தினம் ஏறி இறங்குவதால் தொகையைச் சொல்லிப் பயனில்லை, ஆனால் அதில் கணிசமான பங்கு இரண்டு நாட்டு வரியும் நிலையக் கட்டணமும், அவை தூரத்தைப் பார்த்து வருவதில்லை. 184 கிலோமீட்டர் போனாலும் சர்வதேசப் பயணி சர்வதேசப் பயணிதான். கோவைக்குச் சமமான தூரம் என்ற நினைப்போடு கட்டணத்தைப் பார்த்தால் வயிறு எரியும்.

திரும்பும்போது வலது பக்க ஜன்னல், அதே கோடியக்கரை. அப்புறம் யாழ்ப்பாணத்து நெல்லிக்காய்ப் பானமான நெல்லி கிரஷ் வாங்காமல் யாரும் வரமாட்டீர்கள், அதைக் கைப்பையில் வைத்தால் பலாலி சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள், 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது. பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி அனுப்பிவிடுங்கள். ஓலைப் பொதியில் வரும் பனைவெல்லமான பனங்கட்டி குட்டான் கையிலேயே வரலாம்.